திரிப்போலி பஸ்ஸில் சொன்ன ‘ஓம், சொல்லுங்கோ’

“ஆருக்குக் கலியாணம்?” என்று கேட்டார் அக்கா.

ஒருவருக்கும் இல்லை என்றேன்.

“அப்ப ஆர் செத்தது?”

அதுவும் இல்லை, சும்மா போகிறேன், முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் தனியாகப் போகிறேன் என்றேன். அக்கா அகப்பையை வைத்துவிட்டு வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பயம் கூடிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாரிஸ் என்றால் கலியாணவீடு, ஒஸ்லோ என்றால் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, ரொறன்ரோ என்றால் அநேகமாகச் செத்தவீடு. ஐஃபல் கோபுரத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எல்லாத் தடவையும் மண்டபத்துக்குப் போகிற வானின் ஜன்னல் வழியாக, மடியில் பலகாரப் பெட்டியோடு. இடம் பார்ப்பதற்கென்றே பயணம் போவது வெள்ளைக்காரருக்கு வருகிற ஒரு வியாதி என்பது அக்காவின் கருத்து. எனக்கு அது விமான நிலையத்தில் தொற்றியது. அங்கே சாண்ட்விச் விற்பதுதான் என் வேலை. விற்கிறவளுக்கு முன்னால், வெயிலில் கறுத்து, செருப்பைப் பையில் கொழுவிக்கொண்டு நாள் முழுவதும் ஆட்கள் போய் வந்தால் வேறு என்ன செய்யும்?

ஆனால் ‘சும்மா’ என்று சொன்னது முழு உண்மை இல்லை. அக்காவும் அத்தானும், பிரித்தானியாவில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிற ஹவுன்ஸ்லோ வீட்டை விற்றுவிட்டு, தூரத்து ஊரான மில்டன் கீன்ஸுக்குப் போகப்போகிறார்கள். அவர்களுடைய மகள் அபி அங்கேதான் இருக்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப்போகிறாள். இதில் என் பங்கு என்னவென்றால், நானும் வேலையை விட்டுவிட்டு அவர்களோடு போய் அபியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. கலியாணம் கட்டாத தங்கச்சிமாரைக் கடவுள் இதற்கென்றே படைத்திருக்கிறார் போல. சம்பளம் என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. குடும்பத்துக்குள் அது தூஷணம்.

“என்னடி சுகி, ஓமோ இல்லையோ?” என்று அக்கா கேட்டபோது, “போயிட்டு வந்து சொல்லுறன்” என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். அக்காவுக்கு என்னைவிடப் பதினொரு வயது கூட. அவருக்கு முன்னால் ‘இல்லை’ என்ற சொல் என் வாயிலிருந்து ஒரு நாளும் முழுதாக வெளியே வந்ததில்லை. ஆகவே பதிலைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் யோசிக்கலாம் என்று நினைத்தேன்.

இத்தாலியில், நாப்போலியில் இறங்கியதும் முதல் மரியாதை குடிவரவு வரிசையில் கிடைத்தது. முந்தி நான் அகதிப் பத்திரத்தோடு ‘மற்றவர்கள்’ வரிசையில் நின்று கால் நொந்தவள். பிறகு பிரித்தானியக் கடவுச்சீட்டு கிடைத்து, மகாராணி மாதிரிப் பக்கத்து வரிசைக்கு மாறினேன். கொஞ்சக் காலம்தான். பிரித்தானியா முழுவதுமே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்குப் போட்டு, பெட்டி கட்டிக்கொண்டு, பழைய வரிசைக்கு வந்து என்னோடு நின்றது. எனக்கு முன்னால் நின்ற ஆங்கிலேயர், “நம்மை இப்படி நிற்கவைப்பது அநியாயம்” என்று மனைவியிடம் புறுபுறுத்தார். பழகிவிடும் ஐயா என்று வாய் வரை வந்தது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துகிற நேரத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்பதால் விட்டுவிட்டேன்.

தங்கியது விடுதியில், ஓர் அறைக்குள் எட்டுக் கட்டில். மற்றவர்கள் எல்லோரும் இருபதுகளில் இருக்கிற அவுஸ்திரேலியப் பிள்ளைகள். நான் கதவைத் திறந்ததும் ஒருத்தி தலையை நிமிர்த்தி, “இன்னும் இரண்டு துவாய் கிடைக்குமா?” என்று மிகவும் பணிவாகக் கேட்டாள். என்னைத் துப்புரவு செய்ய வந்தவள் என்று நினைத்துவிட்டாள். நான் போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். நெருப்புப் பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று வந்தவுடனேயே கட்டடம் முழுவதும் தேடியிருந்தபடியால் துவாய் அலுமாரி எங்கே என்று எனக்குத் தெரியும். பிறகு நான் அவளுக்கு மேலே இருந்த கட்டிலில் ஏறிப் படுத்தேன். அந்தப் பிள்ளையின் முகம் சிவந்த சிவப்பைப் பார்த்தபின் அந்த ஊர் எரிமலையைப் போய்ப் பார்க்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

எரிமலை என்றதும் சொல்ல வேண்டும். அது மறுபடி எப்போது வெடிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாதாம். தெரியாமலே அதன் காலடியில் ஒரு பெரிய நகரம் இருந்து, பீட்சாவை மடித்து எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஹவுன்ஸ்லோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் ஒரு கிளை நீட்டினாலே கவுன்சிலுக்குப் போன் போடுகிறோம்.

நாப்போலியின் சந்துகளுக்குள் இலங்கைக் கடைகள் நிறைய. கொத்து ரொட்டிச் சத்தம் கேட்டு ஒன்றுக்குள் போனேன். கடைக்காரர் சிங்களவர். எனக்குச் சிங்களம் கொஞ்சம், அவருக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம். நாட்டில் எத்தனையோ விஷயத்தில் ஒத்துப்போகாத இரண்டு இனமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதை அன்று கண்டேன்.

“தனியா வந்தது?” என்று கேட்டார் அவர்.

“ஓம்.”

“மாத்தயா எங்கே?” கணவரைத்தான் கேட்டார்.

“இல்லை.”

“செத்தது?”

“இல்லை. இருக்கவே இல்லை.”

மனிதர் கொத்துகிற தகட்டை நிறுத்திவிட்டு, அனுதாபத்தில் இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினார். தனியாகப் பயணம் போவதில் இப்படியும் சில நன்மை இருக்கிறது.

சரித்திரம் பற்றி எழுதாமல் பயணக் கட்டுரை எழுதுவது அழகில்லை என்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் கணக்கு சுலபம்: கிறிஸ்துவுக்கு முன் என்றால் பழசு, பின் என்றால் அவ்வளவு பழசில்லை. கூரை இருந்தால் உள்ளே போகக் காசு, கூரை இல்லாவிட்டால் இன்னும் கூடக் காசு. தேவாலயங்களில் காசு கேட்கவில்லை, குளிராகவும் இருந்தது. அதனால் நான் பார்த்த சரித்திரம் முழுவதும் தேவாலயங்களாகவே அமைந்துவிட்டது.

பாரி என்ற இத்தாலிய ஊரில், துறைமுகத்தடியில், எட்டுக்கால் பேய்க்கணவாயைக் கல்லில் அடித்து அடித்து, அப்படியே பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். நாங்கள் என்றால் அதை மஞ்சளும் மிளகும் போட்டு அவித்து, குழம்பாக்கி, அப்போதும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யோசிப்போம். ஒரு கிழவர் ஒரு காலை வெட்டி, தேசிக்காய் பிழிந்து என்னிடம் நீட்டினார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஆட்டல்தான், ஓமும் இல்லாத இல்லையும் இல்லாத அந்த ஆட்டல். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே வைத்துவிட்டார். அன்று இரவு முழுவதும் கிரேக்கத்துக்குப் போகிற கப்பலில், கதிரையில் இருந்தபடி, வயிறு எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். தொடங்கவே இல்லை. நித்திரை கெட்டதுதான் மிச்சம்.

மறுநாள் மத்தியானம், கொரிந்துக் கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு பஸ் நிலையத்தில் இறங்கினேன். அங்கே பஸ் மாறி, நாஃப்ளியோ என்ற கோட்டை நகரத்துக்குப் போக வேண்டும். இரண்டு பஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் பெயர் கிரேக்க எழுத்தில். முதல் பஸ் சாரதியிடம், “நாஃப்ளியோ?” என்று கேட்டேன்.

“நே, நே” என்றார் அவர்.

இல்லையாக்கும் என்று நன்றி சொல்லிவிட்டு விலகினேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டாவது பஸ்ஸடியில் ஒரு முதியவர் பெட்டியோடு நின்றார். அவரிடமும் அதே கேள்வி. அவர், “ஓஹி” என்று சொல்லி, தலையை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினார். யாழ்ப்பாணத்தில் ஆம் என்பதற்கு ஓம், வாய்க்குச் சோம்பலாக இருந்தால் வெறும் ‘ஓ’. தலையை மேலே வெட்டினால் ‘ஏறு’. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? ஏறினேன். முதியவர் ஜன்னலுக்கு வெளியே நின்று மறுபடி மறுபடி தலையை வெட்டினார். எவ்வளவு அன்பான மக்கள் என்று நினைத்துக் கை காட்டினேன்.

அரை மணி நேரம் போனபின் போனில் வரைபடத்தைத் திறந்தேன். நாஃப்ளியோ கடலோரம். என் நீலப் புள்ளியோ மலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வீதியில் வந்த பெரிய பலகையில், நல்லகாலமாக ஆங்கிலத்திலும், ‘திரிப்போலி’ என்று இருந்தது. திரிப்போலி எனக்குச் செய்திகளில் கேட்ட பெயர். லிபியாவில் இருக்கிறது, குண்டு வெடிக்கிற இடம். கடலைத் தாண்டாமல் பஸ் எப்படி ஆபிரிக்காவுக்குப் போகும் என்று யோசிக்கிற நிலையில் நான் அப்போது இல்லை.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் எடுத்தார்.

“எங்கையடி நிக்கிறாய்? சாப்பிட்டியே?”

“ஓம் அக்கா.”

“வீடு வாங்க ஆள் வந்திட்டுது. அத்தான்ர கூட்டாளிதான். கெதியாய் முடிக்க வேணுமாம்.”

“ஓம்... ஓம்...” என் கண் நீலப் புள்ளியில். பஸ் ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தது. அக்காவின் குரல் துண்டு துண்டாக விழுந்தது. நர்சரி என்று ஒரு துண்டு, பிள்ளை பாவம் என்று ஒரு துண்டு. பக்கத்து ஆசனத்துப் பெண்ணிடம் சைகையில், “இது லிபியாவுக்கா?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அது பதில் இல்லை.

“...அப்ப நான் அபிக்குச் சொல்லட்டே?” என்றது போன்.

“ஓம், சொல்லுங்கோ” என்றேன்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்களுக்கு ‘ஓம்’ என்றால் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’. ‘சொல்லுங்கோ’ என்றால் ‘மேலே கதையுங்கோ’. காது ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் இருக்கும்போது வாய் தானாகச் சொல்கிற சொற்கள். என் வாய் அக்காவிடம் ஆயுள் முழுவதும் அவற்றைத்தான் சொல்லி வந்திருக்கிறது. அடுத்த சுரங்கத்தில் லைன் அறுந்தது.

திரிப்போலி லிபியாவில் இல்லை. கிரேக்கத்திலும் ஒன்று இருக்கிறது. மலை மேலே, நல்ல குளிர், குண்டு ஒன்றும் வெடிக்கவில்லை. டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் என் கதையைக் கேட்டுவிட்டு மேசையில் தட்டிச் சிரித்தாள். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல் விரலை நீட்டிச் சொல்லித் தந்தாள். “நே, யெஸ்! ஓஹி, நோ!” தலையை மேலே வெட்டினால் அதுவும் நோ. அந்த முதியவர் அவ்வளவு நேரமும் ‘ஏறாதே, ஏறாதே’ என்று கெஞ்சியிருக்கிறார். நான் கை காட்டிவிட்டு வந்திருக்கிறேன். ‘நே’ என்றால் ஆம், ‘ஓ’ என்று தொடங்கினால் இல்லை என்றொரு நாட்டில், எல்லையிலேயே அதைப் பலகையில் எழுதி நட்டிருக்க வேண்டாமா?

நாஃப்ளியோ பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அபியின் குரல் வந்தது, வாட்ஸ்அப்பில்.

“சித்தி! ஓ மை காட்! நீங்க வாறீங்களாம் எண்டு அம்மா சொன்னா! ஐயாம் ஸோ ஹாப்பி! நர்சரிக்கு இப்பவே போன் அடிச்சு பிளேஸ் வேண்டாம் எண்டு சொல்லிட்டன். லவ் யூ சித்தி!”

மூன்று தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதேதான் சொன்னாள்.

நாஃப்ளியோ மிகவும் வடிவான நகரம் என்று பிறகு படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காகிதப்பூ தொங்குகிற மாடங்கள், கடலுக்கு நடுவே ஒரு குட்டிக் கோட்டை, மலை உச்சியில் பெரிய கோட்டை. நான் பார்த்தது போனை மட்டும். கீரைப் பிட்டா என்று ஒன்று வாங்கினேன், புறாக்கள் சாப்பிட்டன. உடனே போன் எடுத்து, பிழை நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக நான் என்ன யோசித்தேன் என்றால், சொன்னது சொன்னதாகிவிட்டது, பாவம் அபி, போய்விட்டால்தான் என்ன? பிழையாக ஏறிய பஸ்ஸில் இறங்காமல் கடைசி வரை போகிற ஆள் நான். அன்று பார்த்தீர்கள்தானே.

அடுத்த நாள் பெரிய கோட்டைக்கு ஏறினேன். படிகளுக்குக் கைபிடி இல்லாத இடங்களில் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில், நண்டு மாதிரி. உச்சியில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. ‘உன்ர அறை’ என்று எழுதியிருந்தது. புது வீட்டில் எனக்கான அறை. ஒற்றைக் கட்டில். அதன் தலைமாட்டில், சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு, அக்காவின் பெரிய ஃப்ரீசர் நிற்கப்போகிற இடத்தை அத்தான் டேப் ஒட்டிக் காட்டியிருந்தார். ஃப்ரீசர் எங்கே வரும், அதற்கு பிளக் எங்கே என்றெல்லாம் யோசித்திருந்தார்கள். அலுமாரிக்கு இடம் இல்லை. வெளியே போக உடுப்பு வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அங்கேயே, சுவரோரம் இருந்தபடி அபிக்குப் போன் எடுத்தேன்.

“அபி, நான் வரேல்லை.”

“எப்ப? சண்டேயா? ஃப்ளைட் லேட்டா?”

“மில்டன் கீன்ஸுக்கு வரேல்லை. ஒருநாளும்.”

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டத் தொடங்கியது. நான் பஸ், சுரங்கம், லிபியா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“சித்தி, அந்த பிளேஸ் போயிட்டுது” என்றாள் அபி. “வேற ஆளுக்குக் குடுத்திட்டினம். திரும்ப வெயிட்டிங் லிஸ்ட்.”

வழமையாக இந்த இடத்தில்தான் நான் விழுவேன். ‘சரி பிள்ளை, அழாதை, நான் வாறன்’ என்று. அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அபி முந்திக்கொண்டாள்.

“நான் உங்களைக் கேக்கவே இல்ல, தெரியுமா? உங்களுக்குத்தான் ஆசை எண்டு அம்மா சொன்னவ. தனிய இருந்தா நீங்க பயத்திலேயே செத்துப்போவீங்களாம்.”

“நானோ? ஆசை எண்டோ?”

“நீங்க பேபியைத் தூக்கினா கழுத்து விழுந்திடும் எண்டு அம்மான்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதானே தூக்குவீங்க. நானே யோசிச்சனான், எப்பிடி முழு நாளும் எண்டு.” அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. “எனக்குக் கோவம்தான் சித்தி. ரெண்டு கிழமை இருக்கும். பிறகு போயிடும். அம்மாட்ட நான் சொல்லட்டா?”

“வேண்டாம். நான் சொல்லுறன்.”

அந்தத் துணிச்சல் ஏதென்ஸ் போய்ச் சேரும் வரை தாங்கியது. அக்ரோபோலிஸில் பளிங்கைத் தொட்டால் காவலாளிகள் விசில் ஊதுகிறார்கள். எங்கள் கோயில்களில் சாமியைத் தொட்டாலும் இவ்வளவு சத்தம் வராது. அந்தப் பெரிய தூண்களுக்குப் பக்கத்தில், உலகமே செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“அக்கா, நான் உங்களோட வரேல்லை.”

“என்ன? லைன் சரியில்லை.”

லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. அக்காவின் சமையலறை ரேடியோவே கேட்டது.

“மில்டன் கீன்ஸுக்கு வரேல்லை எண்டுறன்!”

“விளங்கேல்லையடி. ஓம் எண்டுதானே சொன்னனி?”

“இல்லை!” என்று கத்தினேன். “இல்லை அக்கா! இல்லை!”

விசில் ஊதியது. நான் எதையும் தொடவில்லை. ஒரு ஜப்பானியக் குடும்பம் செல்ஃபியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. காவலாளிப் பெண் வந்து வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

“அப்ப ஆர் பிள்ளையைப் பாக்கிறது?” என்றார் அக்கா. இப்போது லைன் நன்றாக இருந்தது போல.

“பேத்தி உங்கடைதானே.”

“எனக்கு முழங்கால் ஏலாது.”

“ஃப்ரீசர் வைக்கிற இடத்திலை ஒரு நல்ல கதிரை போடுங்கோ.”

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அக்கா ரேடியோவை நிறுத்துவது கேட்டது. பிறகு, குரல் இறங்கி, “அப்ப நீ எங்க இருப்பாய்? உனக்கு ஏதும் எண்டா ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டார். அது சண்டைக்குக் கேட்ட கேள்வி இல்லை. தெரியாது என்றேன். அவர் வைத்துவிட்டார்.

வீடு திரும்பியபின் அக்கா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் மூடி வைப்பார், முந்தியதைவிட உறைப்பாக. பிறகு ஒரு நாள் அத்தான் மூலமாகச் செய்தி வந்தது: ஹவுன்ஸ்லோவிலேயே, பஸ் தரிப்புக்குக் கிட்ட, ஓர் அறை இருக்கிறதாம். வீட்டுக்காரி டென்மார்க்கில் இருந்து வந்த எங்கள் ஆள். அக்காதான் விசாரித்தாராம். ஆனால் அதை நான் தெரிந்துகொள்ளக் கூடாதாம்.

பார்க்கப் போனபோது அக்காவும் வந்தார். கேட்காமலே வந்தார். குழாயைத் திறந்து மூடினார், ஜன்னல் கொளுக்கியை இழுத்துப் பார்த்தார், மெத்தையை அமுக்கினார். வீட்டுக்காரி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கும்படியாகவே கேட்டார்:

“தங்கச்சி எப்பிடி? அமைதியான ஆளே?”

“அமைதியோ?” என்றார் அக்கா. “ஏதென்ஸிலை இருந்து கத்தினது இன்னும் காதுக்குள்ள கேக்குது. மற்றும்படி சரியான பயந்தவ. வாடகை நேரத்துக்கு வரும்.”

வீட்டுக்காரி யோசித்துவிட்டு, அறைக் கதவுப் பூட்டின் இரண்டு திறப்புகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றை நான் எடுத்தேன். மற்றதை அக்கா எடுத்து, இயல்பாக, தன் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தார்.

“அக்கா” என்றேன்.

“என்ன?”

“திறப்பு.”

“நெருப்புப் பிடிச்சா ஆர் வந்து திறக்கிறது?”

அந்த அறையைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். படி ஒன்றுதான், ஜன்னல் சின்னது, மில்டன் கீன்ஸிலிருந்து ஆள் வந்து திறக்கும் வரை நெருப்பு காத்திருக்காது. இருந்தாலும் நீட்டிய கையை நான் மடக்கவில்லை. அக்கா ஸிப்பைத் திறக்கும் வரை அப்படியே நின்றேன்.